பெருமாள்புரத்து மாடி வகுப்பு: நவீன இந்தி இலக்கியம் படிக்க நெல்லையில் ஓர் இடம்

பாளையங்கோட்டையில் இந்தி சொல்லிக்கொடுக்கும் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. மகாராஜநகர், தியாகராஜநகர், என்.ஜி.ஓ. காலனி என்று எந்தப் பக்கம் போனாலும் ‘இந்தி டியூஷன்’ என்று எழுதிய பலகை ஒன்றாவது கண்ணில் படும். பெரும்பாலானவை தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவை. பரிச்சய், பிராத்மிக்கில் தொடங்கி பிரவீண் உத்தரார்த் வரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும் தேர்வுகளை ஒட்டியே அங்கே பாடம் நடக்கும். அந்தப் படிகளையெல்லாம் ஏறி முடித்த ஒருவர், இனி இந்தியை இலக்கியமாகப் படிக்க வேண்டும், முடிந்தால் அதையே கல்லூரியில் கற்பிக்கும் வேலையாக ஏற்க வேண்டும் என்று நினைத்தால் எங்கே போவது? நான் அறிந்த அளவில் நெல்லைச் சீமையில் அதற்கு ஒரே இடம்தான் உண்டு. கல்லூரியில் நெடுங்காலம் இந்தி கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர், பெருமாள்புரத்தில் தம் வீட்டு மாடியில் வார இறுதிகளில் நடத்தும் வகுப்பு அது. அவர் பலகை மாட்டியதில்லை, தம் பெயரை எழுதுவதையும் விரும்பமாட்டார். ஆகவே மாணவர்கள் அழைப்பதுபோல் ‘மேடம்’ என்றே இங்கே குறிப்பிடுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்கு இந்தி எடுப்பவள். பிரவீண் முடித்திருக்கிறேன், அஞ்சல் வழியில் முதுகலையும் படித்திருக்கிறேன். சிறுவயதில் நான் படித்த வகுப்பில் (அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை) பாடநூலைத் திறந்ததே குறைவு. வினா விடைக் கையேட்டில் பென்சிலால் குறித்துக் கொடுத்த பத்திகளை மனப்பாடம் செய்தோம். பிரேம்சந்தின் பாத்திரங்களின் குணநலன்களை வரிசையாக எழுதத் தெரிந்த எனக்கு, அவருடைய கதை ஒன்றைக்கூட முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இந்தியில் படித்த அனுபவம் இல்லை. இந்த மாவட்டத்தில் சான்றிதழ் வைத்திருக்கும் பலருடைய நிலையும் இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த மாடி வகுப்பின் அருமை அவர்களுக்குத்தான் முதலில் புரியும்.

வகுப்பு சனிக்கிழமை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் நடக்கிறது. ஒரு கரும்பலகை, நான்கு நீள பெஞ்சுகள், சுவர் நிறையப் புத்தக அலமாரிகள். மாதக் கட்டணம் 1,500 ரூபாய். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பாதி. என்னைப் போன்ற பள்ளி ஆசிரியைகள், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதுபவர்கள், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், களக்காட்டிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு முதுகலை மாணவர் என்று கலவையான கூட்டம். மூன்று மணி நேர வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் மொழிக்கு, மீதி இலக்கியத்துக்கு. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் வேலை, ஆய்வு, தேர்வு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மொழி வகுப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரவீண் முடித்தவர்களுக்கு இலக்கணம் எதற்கு என்ற எண்ணத்தோடுதான் பலரும் அந்த மாடிக்கு ஏறுகிறோம். மேடம் புதியவர்களிடம் முதலில் கேட்பது ‘நே’ உருபைத்தான். இந்தியில் செயப்படுபொருள் குன்றாவினை இறந்தகால முற்றாக வரும்போது எழுவாயோடு ‘நே’ சேரும். சேர்ந்த உடனே வினை எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளின் பாலையும் எண்ணையும் பற்றிக்கொள்ளும். ‘மோகன் நே கிதாப் படீ’ என்றால் படித்தவன் ஆண், ஆனால் வினை பெண்பால். காரணம், கிதாப் பெண்பால். அதே செயப்படுபொருளோடு ‘கோ’ சேர்ந்துவிட்டால் வினை இருவரையும் விட்டு விலகி ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும்: ‘மோகன் நே கிதாப் கோ படா’. தமிழில் வினைமுற்று எப்போதும் எழுவாயோடுதான் இயையும். அஃறிணைக்கு ஆண், பெண் என்ற பாகுபாடும் நமக்குக் கிடையாது. ஆகவே இந்த ஓரிடத்தில் இரண்டு பழக்கமில்லாத விதிகள் ஒன்றாக வந்து தமிழ்ப் பிள்ளையை மடக்குகின்றன. பெரும்பாலான வகுப்புகளில் இதைச் சூத்திரமாகச் சொல்லி, பத்து வாக்கியங்களை எழுதவைத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

மேடம் அப்படிப் போவதில்லை. பலகையில் எழுவாய், செயப்படுபொருள், வினை என்று மூன்று பத்தி பிரித்துக்கொண்டு, வேற்றுமை உருபு, பால், எண், இடம் என்று நாம் பள்ளியில் தமிழ் ஆசிரியரிடம் கற்ற சொற்களைக்கொண்டே விளக்குகிறார். பிறகு ஒரு சிறுகதையின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதில் ‘நே’ வரும் இடங்களையெல்லாம் கோடிட்டு, ஒவ்வொன்றிலும் வினை யாரோடு இயைகிறது என்று அம்புக்குறி போடச் சொல்கிறார். வராத இடங்களையும் விடுவதில்லை. ‘லானா’, ‘பூல்னா’ போன்ற வினைகளுக்குச் செயப்படுபொருள் இருந்தும் ‘நே’ சேராது. அதை விதிவிலக்குப் பட்டியலாக ஒப்பிக்கவிடாமல், கதையில் கண்ணில் படும்போது நிறுத்திக் காட்டுகிறார். இரண்டு மூன்று பக்கங்கள் இப்படிப் போன பிறகு விதி தானாகவே கைக்குப் பழகிவிடுகிறது. இப்போது என் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இதே முறையில்தான் நடத்துகிறேன். வினையைத் தப்பாக முடிக்கும் பிள்ளையிடம், அம்புக்குறி எங்கே போகிறது என்று கேட்டால் போதும், தானே திருத்திக்கொள்கிறது.

உச்சரிப்புக்கும் அவரிடம் ஒரு வழி உண்டு. நம் எழுத்தில் க என்ற ஒன்றே இந்தியின் நான்கு ஒலிகளுக்கும் நிற்க வேண்டியிருப்பதால், மூச்சு சேர்ந்த ஒலியும் சேராத ஒலியும் நம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஒரு மெல்லிய தாள் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்வார். தாள் அசைந்தால் மூச்சு வந்திருக்கிறது, அசையாவிட்டால் வரவில்லை. வங்கிப் பெரியவர் அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். இவ்வளவு எளிய உத்தியை என் ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இலக்கிய வகுப்புக்கு வருகிறேன். நவீன இந்தி இலக்கியத்தின் வரலாற்றை அவர் ஆண்டு வரிசையில் ஒப்பிக்கவைப்பதில்லை. ராமசந்திர சுக்லர் 1929-இல் வெளியிட்ட இலக்கிய வரலாற்று நூல், விக்கிரம சம்வத் 1900-இல், அதாவது 1843-ஐ ஒட்டி, நவீன காலம் தொடங்குவதாகக் கொண்டு அதற்கு உரைநடைக் காலம் என்று பெயரிட்டது ஏன் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார். பாரதேந்து ஹரிச்சந்திரர் காலத்தில் உரைநடை, இன்றைய பொது இந்திக்கு அடிப்படையான கடீ போலீயில் எழுதப்பட்டும், கவிதை பெரும்பாலும் பிரஜ மொழியிலேயே தொடர்ந்தது. மகாவீர் பிரசாத் துவிவேதி 1903-இல் ‘சரஸ்வதி’ இதழின் ஆசிரியரான பின்புதான் கவிதையும் கடீ போலீக்கு உறுதியாக இடம்பெயர்ந்தது. ஒரு மொழி தன் கவிதையின் மொழியையே மாற்றிக்கொண்டு சில பத்தாண்டுகளுக்குள் பிரசாத், நிராலா, பந்த், மகாதேவி வர்மா என்ற சாயாவாத (கற்பனாவாத இயக்கக்) கவிஞர்களைப் பெற்றது எப்படி என்று அவர் விளக்கும்போது, பழகிய பெயர்ப் பட்டியலுக்குள் ஒரு காரண காரியத் தொடர்பு இருப்பது தெரிகிறது. துவிவேதியின் கறாரான மொழித் திருத்தம் இல்லாமல் சாயாவாதத்தின் நெகிழ்வு பிறந்திருக்காது என்பது மேடத்தின் கருத்து. இதை எல்லா விமர்சகர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் எங்களுக்கு அதுவே சிந்திக்க ஒரு கொழுகொம்பாக இருந்தது.

இந்த வகுப்பு எத்தகையது என்பதைக் காட்ட ஒரு பாடத்தைச் சற்று அருகில் நின்று சொல்கிறேன். பிரேம்சந்தின் ‘பூஸ் கீ ராத்’ ஒரு சிறிய கதை. ஹல்கூ என்ற ஏழை விவசாயி கம்பளி வாங்கச் சேர்த்துவைத்த மூன்று ரூபாயைக் கடன்காரனிடம் கொடுத்துவிட்டு, மார்கழிக் குளிரில் ஜப்ரா என்ற நாயோடு வயலில் காவல் கிடக்கிறான். மாந்தோப்பில் சருகு கூட்டித் தீ மூட்டுகிறான். தீ அணைந்த பிறகு அந்தச் சாம்பலின் சூட்டை விட்டு எழுந்திருக்க அவனுக்கு மனம் வரவில்லை. நீலமான்கள் பயிரை மேய்கிற சத்தம் கேட்டும் அவன் எழவில்லை. காலையில் வயல் பாழாகிக் கிடக்க, மனைவி முன்னி வருந்துகிறாள். அவனோ, இனி இராத்திரிக் குளிரில் இங்கே வந்து படுக்க வேண்டாமே என்று மகிழ்கிறான். கையேட்டில் இதற்கு எழுதியிருந்த விடை, விவசாயியின் வறுமையைக் கதை சித்திரிக்கிறது என்ற ஒரு வரிதான்.

மேடம் இந்தக் கதைக்கு மூன்று வகுப்புகள் எடுத்துக்கொண்டார். முதல் வகுப்பில் நாங்கள் இரண்டாம் பத்தியைத் தாண்டவில்லை. யாரோ அவசரப்பட்டு முடிவைச் சொல்ல, “எதுக்கும்மா இப்படி ஓடுதிய? ஹல்கூ இன்னும் வயலுக்கே போகல. நீங்க அதுக்குள்ள காலையில வந்து நிக்கிய” என்றார். இரண்டாம் வகுப்பில்தான் களக்காட்டு மாணவர் வாய் திறந்தார். மலையடிவாரத்து வாழைத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக அவருடைய அப்பா இராக்காவல் கிடந்தவராம். பயிர் போன அன்று வீட்டில் அழுகை இருந்தது, ஆனால் அப்பா அன்றிரவு வீட்டில் படுத்து நன்றாகத் தூங்கினார், அதை அம்மா நெடுநாள் மன்னிக்கவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மேடம் அதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவரையே கதையின் கடைசிப் பகுதியை உரக்கப் படிக்கச் சொன்னார். ஹல்கூவின் மகிழ்ச்சி சோம்பலா, தோல்வியா, அல்லது தன் உழைப்பு தனக்கு எதையும் தராத ஓர் ஏற்பாட்டிலிருந்து கிடைத்த ஒரு நாள் விடுதலையா என்று மூன்றாம் வகுப்பு முழுவதும் வாதம் நடந்தது. எல்லோரும் இந்தியிலேயே வாதாட வேண்டும் என்பது விதி. திக்கித் திணறியாவது பேசினோம். ஓர் இந்திக் கதையைப் பற்றி இந்தியில் எனக்கென்று ஒரு கருத்தை முதன்முதலாக வைத்தது அன்றுதான்.

இந்தியையும் தமிழையும் அருகருகே வைத்துப் படிப்பது இவருடைய தனிச் சிறப்பு. பிரேம்சந்தின் ‘கஃபன்’ கதையில் இறந்தவளின் சவத்துணிக்குக் கிடைத்த காசில் தகப்பனும் மகனும் சாப்பிட்டுக் குடிக்கிறார்கள். அதைப் படித்த அடுத்த வாரம் புதுமைப்பித்தனின் ‘மகாமசானம்’ எடுத்துவரச் சொன்னார். வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்து, நம் இந்துக் கல்லூரியில் படித்த ஒருவர், காசிக்குப் பக்கத்து லம்ஹி கிராமத்தில் பிறந்த ஒருவரோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் சாவையும் பசியையும் எப்படி வேறு வேறு குரலில் எழுதினார் என்பதை ஒரே மேசையில் பார்க்க முடிந்தது. பிரேம்சந்தின் குரல் கதை முழுவதும் சலனமில்லாமல் இருக்கிறது, புதுமைப்பித்தனின் குரல் குத்துகிறது என்று ஒரு மாணவி சொன்னதை மேடம் பலகையில் எழுதிவைத்தார்.

பணீஷ்வர்நாத் ரேணுவின் ‘மைலா ஆஞ்சல்’ 1954-இல் வந்த நாவல். பீகாரின் பூர்ணியா வட்டாரப் பேச்சும் பாட்டும் வதந்தியும் அதில் நிரம்பியிருக்கின்றன. இந்தியில் வட்டார நாவல் என்ற வகை நிலைபெற்றதே அதன் பிறகுதான். அகராதியோடு உட்கார்ந்தாலும் அதைப் படிக்கச் சிரமமாகத்தான் இருக்கும். இதற்கு அவர் பிடித்த வழி கி. ராஜநாராயணன். இடைசெவலில் இருந்துகொண்டு கரிசல் பேச்சை அப்படியே எழுத்தில் வைத்தவரைப் படித்து வளர்ந்த நமக்கு, ரேணுவின் மொழி ‘தப்பான இந்தி’யாகத் தோன்ற வேண்டியதில்லை என்றார். வட்டாரச் சொல்லுக்கு அகராதி தொகுத்த கி.ரா.வின் உழைப்பையும் அங்கே நினைவுபடுத்தினார். பாடநூல் இந்தியை மட்டுமே இந்தி என்று நினைத்திருந்த எங்களுக்கு ஒரு கதவு திறந்தது. நாவல் முழுவதையும் வகுப்பில் முடிக்கவில்லை. பாதிக்கு மேல் வீட்டில் படித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார். அதில் எனக்குச் சற்று ஏமாற்றம் உண்டு.

புதுக்கவிதை வகுப்புகள் உரைநடை அளவுக்கு ஆழமாக இல்லை. அக்ஞேயர் தொகுத்து 1943-இல் வந்த ‘தார் சப்தக்’ கவிதைத் தொகுப்பு பற்றியும் கவிஞர் முக்திபோதைப் பற்றியும் நல்ல அறிமுகம் கிடைத்தது; நீண்ட கவிதைகளுக்குள் இறங்கவில்லை. மேடத்தின் மனம் உரைநடையில்தான் தோய்கிறது என்பது வெளிப்படை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராங்கேய ராகவைப் பற்றிப் பேசினார். 1923-இல் ஆக்ராவில் பிறந்து, முப்பத்தொன்பது வயதில் 1962-இல் இறந்த அந்த எழுத்தாளர் தமிழ் வைணவக் குடும்பத்தின் வழியில் வந்தவர். திருமலை நம்பாக்கம் வீரராகவாச்சாரியார் என்பது இயற்பெயர். நாவல், சிறுகதை, மொழிபெயர்ப்பு, ஆய்வு என்று அந்தக் குறுகிய ஆயுளுக்குள் அவர் எழுதிக் குவித்தது வியக்கத்தக்கது. குர்ஜர் இனத்துப் பெண் ஒருத்தியை நடுநாயகமாக வைத்த ‘கதல்’ என்ற அவருடைய சிறுகதையை அன்று படித்தோம். இந்தி இலக்கியத்தில் தமிழருக்கு என்ன இடம் என்று வீட்டிலும் வெளியிலும் கேள்வி கேட்கப்படும் எங்களுக்கு, அந்த வகுப்பு தெம்பாக இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தி படிப்பதைப் பற்றிப் பேசும்போது 1965-ஐயும் 1968-இல் உறுதியான இருமொழிக் கொள்கையையும் பேசாமல் தாண்ட முடியாது. அவர் தாண்டுவதுமில்லை. திணிப்பை எதிர்த்தவர்களின் நியாயத்தை மதித்துச் சொல்லிவிட்டு, தாமாக விரும்பி ஓர் இலக்கியத்தைப் படிப்பவருக்கு அதனால் எந்தக் குற்றவுணர்வும் வேண்டாம் என்கிறார். காசியில் இந்தியும் சமஸ்கிருதமும் கற்ற பாரதி தமிழுக்கு என்ன செய்தார் என்பது நெல்லைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி, மாதக் கடைசி ஞாயிற்றின் தொழில் வழிகாட்டல். என்னைப் பொறுத்தவரை இந்த வகுப்புக்குக் கொடுக்கும் கட்டணம் இது ஒன்றுக்கே ஈடாகிவிடும். இந்தி படித்தால் வேலை உறுதி என்று சொல்லும் விளம்பரங்களுக்கு நேர்மாறாக, அவர் உள்ளதை உள்ளபடி சொல்கிறார். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இந்தித் துறை பெரும்பாலும் பகுதி ஒன்று மொழிப்பாடத்துக்காகவே இருக்கிறது. தமிழுக்குப் பதிலாக இந்தியைத் தேர்ந்தெடுக்கும் இளங்கலை மாணவர்கள் எத்தனை பேரோ, அதைப் பொறுத்தே ஆசிரியர் பணியிடம். பெரும்பாலான துறைகளில் ஒருவர் அல்லது இருவர்தான். பிரசாதின் காவியத்தை முதுகலை மாணவர்களுக்கு நடத்தும் ஆசையோடு வருபவர், பணிக்காலம் முழுவதும் கடிதம் எழுதுதலும் எளிய கதைத் தொகுப்பும் மொழிபெயர்ப்புப் பயிற்சியும் நடத்திக்கொண்டிருக்க நேரலாம். தம் சொந்தப் பணிக்காலமும் அப்படித்தான் கழிந்தது என்றும், இலக்கியத்தை வகுப்புக்கு வெளியே, இரவில் வீட்டிலும், விடுமுறையில் கருத்தரங்குகளிலும்தான் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது என்றும் சொன்னார். “வேலை கெடைக்குமான்னு மட்டும் கேட்டா, சொல்லத் தெரியாதும்மா. படிக்கதுல ருசி இருக்கான்னு மொதல்ல பாத்துக்கிடுங்க” என்பது அவர் வாக்கு.

ருசி இருப்பவர்களுக்கு வழியைத் தெளிவாகக் காட்டுகிறார். உதவிப் பேராசிரியருக்கு முதுகலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது (மாநில அளவிலான) செட் தேர்ச்சியும் அடிப்படை. 2023 ஜூலையில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) திருத்தத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத் துறைகளிலும் இந்தத் தொடக்கநிலைப் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை. நெட் தேர்வில் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். சுயநிதிக் கல்லூரிகளில் இதில் பாதிகூடக் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்.

முதுகலை எங்கே படிப்பது என்பதில் அவருக்குத் திட்டமான கருத்து உண்டு. வேலையில் இருப்பவர்களுக்கு இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நேரில் போய்ப் படிக்கக்கூடியவர்களுக்குக் கேரளம். நாகர்கோவில் வழியாக ரயிலேறினால் எட்டிவிடும் தொலைவில் திருவனந்தபுரத்தின் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் இந்தித் துறை இருக்கிறது. சற்றுத் தள்ளிப் போனால் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் துறை. அங்கே பள்ளியிலேயே இந்தி பாடமாக இருப்பதால் கல்லூரித் துறைகளும் ஆய்வு நெறியாளர்களும் நம் பக்கத்தைவிட அதிகம். ஆய்வை மனத்தில் வைத்திருப்பவர்கள் சபையின் உயர்கல்வி ஆய்வு நிறுவனத்தையும் விசாரிக்கலாம் என்கிறார். 1918-இல் காந்தியால் தொடங்கப்பட்ட சபைக்கு 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி உண்டு.

கல்லூரிக்கு வெளியேயும் பார்க்கச் சொல்கிறார். கேந்திரிய வித்யாலயாவில் முதுகலை ஆசிரியருக்கு 47,600 ரூபாய் அடிப்படை ஊதியம். அதற்கு முதுகலையோடு பி.எட். வேண்டும். நம் மாவட்டத்திலேயே கூடங்குளத்தின் அணுவிஜய் நகரியம் போன்ற மத்திய அரசு வளாகங்களின் பள்ளிகளில் இந்தி ஆசிரியர்கள் வேலை செய்கிறார்கள். 1976-ஆம் ஆண்டின் அலுவல் மொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்துவதில்லை என்றாலும், பொதுத்துறை வங்கிகளின் ராஜபாஷா (அலுவல் மொழி) அதிகாரி தேர்வை முப்பது வயதுக்குட்பட்ட, தகுதியுள்ள எவரும் இங்கிருந்து எழுதலாம். பட்டப்படிப்பில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கவனிக்காமல் விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் உண்டு என்று எச்சரித்தார். இந்த ஒரு தகவலுக்காகவே இரண்டு மாணவிகள் தங்கள் இளங்கலை மதிப்பெண் பட்டியலை அன்றே எடுத்துப் பார்த்தார்கள்.

ஆய்வு எழுதுவது பற்றிய அவருடைய வகுப்பை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். தம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் வரைவை, நெறியாளர் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய பக்கங்களோடு, எங்கள் கையில் கொடுத்தார். தென்னிந்தியாவிலிருந்து இந்தியில் எழுதுபவர்களின் கட்டுரைகளை ‘இந்தி பேசாத வட்டாரத்தவர்’ என்ற சலுகைக் கண்ணோடு பார்க்கும் வழக்கம் தமக்குப் பிடித்ததில்லை என்றும், அந்தச் சலுகையை ஏற்றுக்கொண்டால் எழுத்தின் தரம் அங்கேயே நின்றுவிடும் என்றும் சொன்னார். தமிழரால் இந்தி ஆய்வுக்குத் தரமுடிந்த தனிப் பங்கு ஒப்பிலக்கியத்தில்தான் இருக்கிறது, வடக்கே இருப்பவர்கள் புதுமைப்பித்தனை மூலத்தில் படிக்க முடியாது என்பது அவர் வாதம். எனக்கு அது மிகவும் சரியாகப் படுகிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நெட் இரண்டாம் தாளின் பாடத்திட்டம் பத்து அலகுகள் கொண்டது. கவிதை அலகு பிருத்விராஜ் ராசோ, கபீர், ஜாயசி, சூர்தாஸ், துளசி, பிகாரி என்று இடைக்காலத்திலிருந்தே தொடங்குகிறது. இந்த வகுப்பில் அதற்கு இடமே இல்லை. இடைக்கால இலக்கியத்தின் பக்தி, ரீதி காலங்களுக்கு வேறு ஆசிரியரைத் தேட வேண்டும் அல்லது தானே படிக்க வேண்டும். இலக்கியக் கோட்பாடு அலகையும் மேலோட்டமாகத்தான் தொடுகிறார். முதல் தாளுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. அடுத்த தேர்விலேயே தேறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேகம் ஒத்துவராது. ஒரு கதைக்கு மூன்று வகுப்பு என்பதை அவர்கள் தாங்கமாட்டார்கள். மாதிரித் தேர்வுகள் வைக்கும்படி நாங்கள் கேட்டும் அவர் இசையவில்லை. மாதம் ஒன்றாவது வைத்தால் நல்லது என்று இன்னமும் நினைக்கிறேன்.

படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான், வயதானவர்களுக்குச் சிரமம். சித்திரை வைகாசியில் மாலை ஐந்து மணிக்கும் மாடி அனலாகக் கொதிக்கிறது, ஒரே ஒரு மின்விசிறி போதவில்லை. இணையவழி வகுப்பு கிடையாது, வகுப்பைப் பதிவு செய்யவும் விடுவதில்லை. தென்காசி, வள்ளியூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் ஒரு வாரம் தவறினால் அந்தப் பாடம் தவறியதுதான், நண்பர்களின் குறிப்பேட்டைத்தான் நம்ப வேண்டும்.

அந்த அலமாரிகள் இந்தக் குறைகளில் பாதியை ஈடுகட்டுகின்றன. நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் சபைப் பாடநூல்களைத் தாண்டி ஓர் இந்தி நாவல் வாங்குவது எவ்வளவு கடினம் என்பது தேடியவர்களுக்குத் தெரியும். இங்கே கிருஷ்ணா சோப்தி, மோகன் ராகேஷ், பீஷ்ம சாஹனி என்று வரிசையாக இருக்கின்றன. 1930-இல் பிரேம்சந்த் தொடங்கி, பிற்காலத்தில் 1986 முதல் ராஜேந்திர யாதவ் மீண்டும் நடத்திய ‘ஹம்ஸ்’ இதழின் கட்டிய தொகுதிகள் கீழ்த்தட்டில் இருக்கின்றன. அவற்றை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். மற்ற நூல்களைப் பேரேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம். திருப்பித் தரும்போது அந்த நூலைப் பற்றி இந்தியில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், தராதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. அந்தப் பக்கங்களை மேடம் திருத்தித் தரும் பாங்கு எந்தக் கல்லூரியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பிழையைச் சுழிப்பதோடு நில்லாமல், நல்ல வாக்கியம் ஒன்று இருந்தால் அதன் ஓரத்திலும் ஒரு கோடு போடுவார்.

புதிய மாணவர்களைச் சபையின் ஆகஸ்ட் தேர்வு முடிந்த பிறகுதான் சேர்க்கிறார். பிரவீண் சான்றிதழ் கட்டாயமில்லை, ஆனால் சேருமுன் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டி, அதைப் பற்றி நான்கு வாக்கியமாவது இந்தியில் பேச வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்குப் பணம் வாங்குவதில்லை. பிடிக்கவில்லை என்றால் நின்றுகொள்ளலாம். பெருமாள்புரம் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். வண்டியில் வருபவர்கள் தெருவின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டு வருவது நல்லது, வீட்டு வாசலில் இடமில்லை. இந்த ஆண்டுச் சேர்க்கைக்குப் பின் முதலில் எடுக்கப்போவது மன்னு பண்டாரியின் சிறுகதைகள் என்று சொல்லியிருக்கிறார். சேர நினைப்பவர்கள் ஒன்றிரண்டையாவது முன்னதாகப் படித்துக்கொண்டு போனால் முதல் நாளே வாதத்தில் கலந்துகொள்ளலாம்.